அத்தை நட்ட பெயர்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள், அக்கம்பக்கத்தில் எவ்வளவு ஒட்டுதல், ஒரு வீட்டில் சமைத்தால் நாலு வீட்டுக்குப் போகும், இப்படியே போகும். போன மாதம் அந்தக் கல்யாணப் பந்தியில் நீங்கள் இதையேதான் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் பாதியில் எழுந்து கை கழுவப் போனேன். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று சிலர் நினைத்தீர்கள். சரியாகத்தான் நினைத்தீர்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் நடந்ததை அங்கே சொல்லியிருந்தால் உங்களில் யாருக்கும் பாயசம் இறங்கியிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்று பேர்தான். அப்பாவே மட்டாஞ்சேரியில் பிறந்தவர். மிளகும் சுக்கும் அடுக்கிய கிட்டங்கிகளுக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழே வரிசையாகச் சில வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. அப்பா கிட்டங்கியில் எடை பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தார். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடு முழுக்கத் தும்மும். நல்ல மனுஷர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற நல்ல மனுஷர்.

வீடுகளுக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதன் ஓரத்தில் தோடு, காயலிலிருந்து வரும் சின்ன வாய்க்கால். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது தோட்டுத் தண்ணீர் நிலத்துக்குள் வந்துவிட்டுப் போகும். போகும்போது உப்பையும் கருப்புச் சேற்றையும் விட்டுவிட்டுப் போகும். தென்னையும் சேம்பும் தவிர அங்கே எதுவும் வராது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அத்தை வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், சாயம் போன சேலையைக் கடையில் கொண்டுவந்து போடுவதுபோல. ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மற்றவர்கள் எதிர்பார்த்தபடி மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அதுவே பலருக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். சத்தமாகச் சிரிப்பாள். இடது கையால் எல்லா வேலையும் செய்வாள். வாய் சும்மா இருக்காது. கோழியை அவிழ்த்துவிட்டதற்காகக் கடைசி வீட்டுச் சேச்சியோடு தினமும் ஒரு சண்டை உண்டு. சண்டை முடிந்த கையோடு அதே சேச்சியிடம் போய் மோர் கேட்பாள்.

வந்த சில வாரங்களிலேயே பின்னால் இறங்கிவிட்டாள். தேங்காய் மட்டையை அடுக்கி வரப்பு கட்டினாள். கிட்டங்கியில் கூட்டி அள்ளும் குப்பையை அப்பாவைக் கொண்டு சாக்கில் வரவழைத்தாள். மேட்டுப் பாத்தியில் மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல், தக்காளி எல்லாம் விதைத்தாள். முளைக்கவும் செய்தது. முளைத்தபிறகுதான் சிக்கல். மிளகாய் நாற்றும் கத்தரி நாற்றும் சின்னதில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சேச்சி ஒருநாள் நல்ல மனசோடு வந்து களை என்று நினைத்துத் தண்டங்கீரையை முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அன்றைக்கு நடந்த சண்டையை வரிசை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. மறுநாளே அத்தை செடிகளுக்குப் பேர் எழுதி நடத் தொடங்கினாள்.

முதலில் குச்சி ஐஸின் குச்சிகள். நாங்கள் சப்பிப் போட்டதையெல்லாம் பொறுக்கிக் கழுவி மசியால் எழுதினாள். கொச்சி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரே மழையில் பேரெல்லாம் கரைந்து போயிற்று. பிறகு தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையை வெட்டி, வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயிண்டில் மிச்சம் வாங்கி எழுதினாள். கரையான் தின்றது. பிறகு கக்கா ஓடு, அந்தச் சின்னச் சிப்பியின் ஓடு. ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். அதில் தாரால் எழுதி, ஓட்டை போட்டு, கம்பியில் கோத்துச் செடிப் பக்கத்தில் தொங்கவிட்டாள். காற்றடித்தால் ஒன்றோடொன்று தட்டிக் கிணுகிணுக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பில் சுட்ட ஆணியால் எழுதிய காலமும் ஒன்று உண்டு. அந்த ரோஸ் நிறக் காம்பில் எழுத்து ஒவ்வொன்றும் உருகிப் பொங்கி நிற்கும். பிளாஸ்டிக் தீயும் நாற்றம் அடுக்களைவரை வரும். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாள், சிரித்துக்கொண்டே.

ஆமாம், அம்மா சிரிப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இருவரும் அப்போது ஒருவரையொருவர் விட்டு இருக்கமாட்டார்கள். மதினி, மதினி என்று அத்தை பின்னாலேயே போவாள். அம்மாவுக்கும் அந்த வீட்டில் பேச்சுத்துணை என்று வேறு யார் இருந்தார்கள்?

கடைசியாகப் பவுடர் டப்பா. வெட்டி விரித்து, இலை வடிவத்தில் கத்தரித்து, பின்பக்கமிருந்து ஆணியால் தட்டித் தட்டி எழுத்தைப் புள்ளிப் புள்ளியாகக் கொண்டுவருவாள். மழைக்கு அழியாது, கரையான் தின்னாது. அந்தத் தகரம் வந்தபிறகுதான் அவளுக்கு அந்தக் குறும்பு தோன்றியது. செடியின் பேரை எழுதுவதை விட்டுவிட்டு, அந்தச் செடி யாருக்கு என்று ஆளின் பேரை எழுதி நட்டாள். வெண்டைக்காய் அப்பாவுக்கு. காந்தாரி மிளகாய் சேச்சிக்கு. நாக்குக்கு ஏற்றது என்றாள். எனக்குத் தக்காளி. பாகல் பெரியம்மைக்கு.

பெரியம்மை, அம்மாவின் அக்கா, கலூரில் இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை வந்து அம்மா எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாள் பின்பக்கம் வந்தவள் பாகல் கொடிக்குக் கீழே தன் பேரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இது என்னட்டி, எம் பேரு?"

"ஒங்களுக்குன்னு வச்சது பெரிய மதினி. ஒடம்புக்கு நல்லதாக்கும்" என்றாள் அத்தை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அப்பாகூட அன்றைக்கு வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார். பெரியம்மை சிரிக்கவில்லை. நான் சொல்ல வருவது என்னவென்றால், மண்ணில் பேர் எழுதிய தகடு நடுவது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. வரிசையில் எல்லோருக்கும் தெரியும். சேச்சி தன் பேரைக் காட்டச் சொல்லிக் கேட்டு, தமிழ் எழுத்து தெரியாததால் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனவள்.

எனக்குப் பிறகு பல வருடம் கழித்து அம்மா மறுபடி உண்டானது அந்த மழைக்காலத்தில்தான். வீடே ஆளுக்கு ஒரு அடி உயர்ந்ததுபோல நடந்தது. பெரியம்மை கலூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, அம்மா எதைத் தின்னலாம், எப்படிப் படுக்கலாம், எங்கே போகக்கூடாது என்று சட்டம் போட ஆரம்பித்தாள். எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது அத்தைதான். 

ஒரு மத்தியானம். பெரியம்மை தூங்கிக்கொண்டிருந்தாள். பின்வாசல் படியில் அம்மாவும் அத்தையும் நெல்லிக்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கீழ்ப்படியில் இருந்தேன்.

"மதினி, ஒங்க நாள் என்ன?" என்று அத்தை கேட்டாள். நாள் என்றால் பிறந்த நட்சத்திரம்.

"பரணி. என்னத்துக்குக் கேக்கே?"

"பஞ்சாங்கத்துல போட்டிருக்கான், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மரம் உண்டுன்னு. அவங்கவங்க நாளுக்குள்ள மரத்தை நட்டு வளத்தா மரம் தழைக்கத் தழைக்க ஆளும் தழைக்குமாம். பரணிக்கு என்ன மரம் தெரியுமா?"

"என்ன?"

"நீங்க வாயில வச்சிருக்கதுதான்."

அம்மா சிரித்த சிரிப்பில் கொட்டையை விழுங்கப் பார்த்தாள். எழுந்து போய், அடி ஓட்டையாகிக் கிடந்த செப்புக்குடத்தை அவளே எடுத்துவந்து கொடுத்தாள். தகரம் வேண்டாம், இதை வெட்டிக்கோ என்றாள்.

"அதுதான் சரி. இந்த உப்புல தகரம் ஒரு வருஷம் தாங்காது. நெல்லி காய்க்க எத்தனையோ வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஒங்க பேரு நிக்கணும்லா" என்றாள் அத்தை.

அந்தத் தகட்டைச் செய்ய அவள் எடுத்துக்கொண்ட சிரத்தை வேறு எதற்கும் எடுக்கவில்லை. நெல்லி இலைபோலவே ஓரம் வெட்டி, புளி போட்டுத் துலக்கி, ஒருபக்கம் அம்மாவின் பேர், அடியில் பரணி என்று தட்டினாள். மேல் விளிம்பில் ஒரு சின்னப் பூ. தெற்கு மூலையில் நெல்லிக் கன்றை நட்டு, தகட்டை ஏறக்குறைய முழுக்க மண்ணுக்குள் இறக்கினாள். ஏன் என்று கேட்டேன். செம்பு பளபளவென்று தெரிந்தால் பிள்ளைகள் பிடுங்கிப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டு ஐஸ் வாங்கித் தின்றுவிடுவார்கள் என்றாள். எங்களை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். அடுத்த பௌர்ணமிக்குத் தோடு ஏறி இறங்கியபோது வெளியே தெரிந்த விளிம்பும் சேற்றுக்குள் போய்விட்டது.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்கு ஒரு சினிமா பார்க்க வேண்டும் என்று ஆசை. எர்ணாகுளத்துக்குப் போட்டில் போக வேண்டும். பெரியம்மையிடம் கேட்டால் கொன்றுவிடுவாள். பெரியம்மை ஒருநாள் கலூருக்குப் போய்விட்டு வரக் கிளம்பியபோது, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அத்தை வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"ஒருநாள்தானடி. நீ மட்டும் வாயைத் திறக்காம இரு" என்று அம்மா அவள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். அத்தை சரி என்றாள்.

போட்டில் நல்ல கூட்டம். வரும்போது மழை. படகுத்துறையின் வழுக்குப் பலகையில் அம்மா காலை ஊன்றித் தள்ளாடியதும், ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தியதும் நினைவிருக்கிறது. விழவில்லை. வீட்டுக்கு வந்து இடுப்பு வலிக்கிறது என்று படுத்தாள். அத்தை வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். வாரம் கழிவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஐந்தாம் மாதம். திரும்பி வரும்போது அம்மாவின் வயிறு காலியாக இருந்தது.

போட்டில் போனதால்தான் போயிற்று என்று நான் சொல்லவில்லை. இப்படி ஆவது யாருக்கும் ஆகும். ஒரு காரணமும் இல்லாமல் ஆகும். இன்றைக்கு எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அம்மாவுக்கு எல்லோரையும்விட அதிகமாகத் தேவைப்பட்டது. வேறு காரணம் ஒன்று கிடைக்காவிட்டால் பெரியம்மை தோண்டித் துருவி அந்தப் போட்டில் வந்து நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

பெரியம்மை ஒரு பணிக்கரைக் கூட்டிவந்தாள். சோழி உருட்டிப் பார்த்துச் சொல்கிறவர். அவர் பலகையில் சோழியைப் பரப்பி, கண்ணை மூடித் திறந்து, "தெக்கு பாகத்து மண்ணினடியில் லோகம் உண்டு" என்றார். மண்ணுக்கடியில் உலோகம் இருக்கிறதாம். கேட்டவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் எந்தப் பக்கத்து மண்ணில் கம்பியை விட்டாலும் ஒரு பவுடர் டப்பா கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சோழி எதற்கு? உள்ளே வரும்போதே தக்காளிப் பாத்தியில் தகரம் மின்னுவதை அந்த ஆள் பார்த்திருப்பார்.

மண்வெட்டியோடு ஓர் ஆளை இறக்கினார்கள். வரிசை முழுக்க வந்து நின்றது. முதலில் அப்பாவின் பேர் வந்தது. பிறகு என் பேர். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பிறகு தெற்கு மூலையில் நெல்லிக் கன்றின் அடியில் வெட்டினான். செப்புத் தகடு வந்தது. உப்பு ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்து, வேறு ஏதோ பொருள்போல இருந்தது. அப்பா அதை வாங்கி வேட்டியில் துடைத்துப் படித்தார். அம்மாவின் பேரைப் படித்தார். அடுத்த வரியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"நாளும் போட்டிருக்கோ?" என்று பெரியம்மை கேட்டாள்.

"பரணின்னு இருக்கு" என்றார் அப்பா.

"ஈஸ்வரா, கூடோத்ரம்!" என்று சேச்சி நெஞ்சில் கை வைத்தாள். தமிழில் செய்வினை என்பதற்கு அங்கே அந்தப் பேர். உங்களுக்குத் தெரியாததா? செப்புத் தகடு, அதில் பேர், நாள், மண்ணுக்கடியில் புதைப்பு. ஒருத்தரைக் கெடுக்க வேண்டும் என்று தகடு எழுதுகிறவன் இதையேதான் செய்வான். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுப்பதும் அதே பேரும் நாளும்தான். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை அப்போது அடுக்களையில் இருந்தாள். கை துடைத்துக்கொண்டே வந்தாள். பயம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில்.

"அது நெல்லிக்கு வச்சதுல்லா. அதை ஏன் பிடுங்குனீங்க?" என்றாள்.

"ஒரு மாசமா எந் தங்கச்சி மண்ணுக்குள்ள கெடந்திருக்காளே!" என்று பெரியம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "நீ பெறல. சரி, அது ஒன் விதி. பெறப்போறவ வயித்துல ஏண்டி மண்ணை அள்ளிப் போட்ட?"

அப்போதுதான் அத்தைக்குப் புரிந்தது. அவள் பெரியம்மையைப் பார்க்கவில்லை, பணிக்கரைப் பார்க்கவில்லை. பின்வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"மதினி, சொல்லுங்க" என்றாள்.

அம்மா பேசவில்லை. நான் பேசினேன். "அம்மாதான் நாள் சொன்னா. குடத்தையும் அவதான் குடுத்தா. நான் படியிலதான் இருந்தேன்" என்றேன். பெரியம்மை என் கன்னத்தில் அறைந்தாள். காது ஒய்யென்றது. அறைந்துவிட்டு, அவளும் திரும்பி அம்மாவைத்தான் கேட்டாள். "நீயாட்டி சொன்ன?"

அம்மா தரையைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். ஞாபகம் இல்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அன்னைக்கு போட்டுல போயி..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அத்தை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்திவிட்டாள். அவள் கையில் வெங்காய வாடை இருந்தது.  நான் திமிறத் திமிற விடவேயில்லை. அந்த ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் வீடே அம்மாவின் பக்கம் திரும்பியிருக்கும். அது அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டேன் என்று கொடுத்த வாக்கை, தனக்காக ஒரு வார்த்தை பேசாதவளுக்காகக் காப்பாற்றினாள். இதைப் பெருந்தன்மை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அன்றும் ஆத்திரம்தான், இன்றும் ஆத்திரம்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்தைத் துடைத்துவிட்டார்கள். தகரத் தகடு, கக்கா ஓடு, பிரஷ் காம்பு எல்லாவற்றையும் உப்பும் மிளகாயும் சேர்த்துச் சாக்கில் கட்டிக் காயலில் எறிந்தார்கள். நெல்லிக் கன்றைப் பிடுங்கினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். காய்த்து நின்ற வெண்டை, பூவிட்ட தக்காளி, ஒன்றும் விடவில்லை. சேச்சி தனக்கென்று வைத்த காந்தாரிச் செடியைத் தானே வேரோடு பறித்துத் தோட்டில் போட்டுவிட்டு, அங்கேயே கை கழுவினாள். அக்கம்பக்கத்து ஒட்டுதல் என்று பந்தியில் பேசினீர்களே, இதுதான் அது.

மறுநாள் காலையில் அப்பா அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, தோப்பும்படியில், தெரிந்த ஒருவரின் மாடியில் ஓர் அறை இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு, இதெல்லாம் ஆறும்வரைக்கும்தான் என்றார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத" என்றார்.

"வச்சுக்கிட வேற எடம் ஏது அண்ணே?" என்றாள் அத்தை. என் தலையைத் தடவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள். அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொஞ்ச நாள் என்பது முடியவே இல்லை.

இதற்கு அடுத்த வருடம் அம்மாவுக்கு மறுபடி உண்டாயிற்று. மறுபடியும் அதே போலப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. கூடவே, சொன்னால் கேவலம்தான், ஒரு நம்பிக்கையும் வந்தது. அத்தைதான் இங்கே இல்லையே, அப்படியானால் அவள் செய்யவில்லை என்று இப்போது புரிந்திருக்குமே, கூப்பிடுவார்களே என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரியம்மை சொன்னது என் காதில் விழுந்தது. "வேரு இன்னும் உள்ள கெடக்கு. அன்னைக்கே முழுசாத் தோண்டியிருக்கணும்." திரும்பவும் ஆள் வந்து தோண்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்னும் பயமாகிவிட்டது அவர்களுக்கு. அதன்பிறகு அந்த இடத்தில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். எனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கவேயில்லை.

என் கல்யாணம் முடிவான சமயத்தில் அம்மாவிடம் ஒருதரம் நேராகக் கேட்டேன். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, பின்னே எதனாலன்னு கேட்டிருப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல? அவ ஒத்தை ஆளு, எங்கேயும் இருந்துக்கிடுவா. எனக்கு இந்த வீட்ட விட்டா ஏது?"

 அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் தாங்கவில்லை. பிறகு அவளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தான். மருந்து கொடுத்தேன், குளிப்பாட்டினேன், எல்லாம் செய்தேன். மன்னித்தேனா என்று கேட்காதீர்கள்.

தோப்பும்படிக்கு நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். காலேஜில் படிக்கும்போது வீட்டுக்குத் தெரியாமல் பஸ் பிடித்துப் போவேன். அத்தை செம்மீன் என்கிற இறாலை உரிக்கிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண். ஐஸில் கிடந்து கிடந்து விரல் நுனிகள் வெளுத்து ஊறிப் போயிருக்கும்; என்ன சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. ஆனால் என்னைக் கண்டால் படிவரை ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். சாயாவும் பழம்பொரியும் வாங்கிவந்து வைத்துவிட்டு, ஊர்க்கதையெல்லாம் கேட்பாள். அம்மா நன்றாக இருக்கிறாளா என்று கேட்க ஒருநாளும் மறந்ததில்லை. மாடியில் அவள் அறைக்கு வெளியே வெறும் சிமெண்ட் தரைதான். ஒரு துளசித் தொட்டிகூட வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகப் போனது எண்பதுகளின் முடிவில், எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது. அவளுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், இவ்வளவு தாமதமாகிவிட்டதே என்று வழியெல்லாம் எனக்கு வெட்கம். இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து, மூச்சு வாங்க மாடிப்படி ஏறினேன். சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பார்வை வயிற்றுக்கு இறங்கியது. சிரிப்பு நின்றது. ஓடி வரவில்லை. ஒரு அடி பின்னால் போய், கதவுக்குப் பாதி மறைவில் நின்றுகொண்டாள்.

"அங்கேயே நில்லு. உள்ள வராத" என்றாள்.

"அத்தே!"

"யார் கூட வந்த? ஒங்க அம்மைக்குத் தெரியுமா? இங்க வந்தத யாருகிட்டயும் சொன்னியா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. ஒனக்கு என்ன பைத்தியமா? நீ ஒண்ணும் செய்யலன்னு எனக்குத் தெரியாதா?"

"ஒனக்குத் தெரியும்டி. எனக்கும் தெரியும்" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்துக் கதவுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இங்க யாருக்கும் பழைய கத ஒண்ணும் தெரியாது. எல்லாரும் சேச்சி, சேச்சிங்காங்க. ஷெட்டுக்குப் போறவளுக கைப்பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போறாளுக. ஒனக்கு நல்லபடியாப் பொறக்கும், கும்பிட்டுக்கிடுதேன். ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? நீ இங்க வந்துட்டுப் போனது தெரிஞ்சா, ஒங்க பெரியம்மை இந்தப் படியில வந்து நின்னு கத்துவா. இதையும் விட்டுட்டு நான் எங்கட்டி போவேன்?"

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிகளில் மெதுவாக இறங்கினேன்.